திரை எந்தக் கணத்தில் கெடுகிறது? விஜிஏ கார்டையும் டிரைவரையும் பிரித்துப் பார்க்கும் வழி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான அப்டேட்கள் நின்றுவிட்டன. இனி விண்டோஸ் 11தான் என்று பழைய கணினியில் கைவைத்த பலருக்கு முதலில் கிடைத்தது கறுப்புத் திரை. சிலருக்கு எழுத்தும் ஐகனும் பூதம் போலப் பெருத்துத் தெரிந்தன. இன்னும் சிலருக்கு வீடியோ எடிட் செய்துகொண்டிருக்கும்போது திரை ஒரு கணம் இருண்டு திரும்பி வந்தது. மூலையில் டிஸ்ப்ளே டிரைவர் (திரைக்குப் படம் வரையும் விஜிஏ கார்டை இயக்கும் மென்பொருள்) நின்றுபோய் மீண்டது என்ற பொருளில் ஒரு செய்தி.

கடைக்குக் கொண்டுபோனால் அனேகமாக இரண்டில் ஒரு பதில் வரும். "டிரைவர் பிரச்சினை, போர்மட் அடிச்சாச் சரி" என்பது ஒன்று. "விஜிஏ கார்ட் போயிட்டுது, புதுசு போடணும்" என்பது மற்றது. முதலாவதில் கோப்புகள் போகும், இரண்டாவதில் காசு போகும். இரண்டில் எதுவும் சரியான பதிலாக இருக்கலாம். ஆனால் எது என்று சோதித்துப் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: திரை எப்போது கெட்டது, விண்டோஸ் வருமுன்னா, வந்த பின்னா? இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு பெறுமதி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## பெயரும் பொருளும்

நம்மூரில் கிராபிக்ஸ் கார்ட் என்று கேட்பவர்கள் குறைவு; விஜிஏ கார்ட் என்றுதான் கேட்பார்கள். 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த திரைத் தரம் ஒன்றின் பெயர் அது. அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள், 16 நிறங்கள். பழைய மொனிட்டர்களில் நீல நிறத்தில் இருக்கும் 15 துளைச் சொக்கெட்டும் அந்த வழியில் வந்ததுதான். தரம் எப்போதோ பழசாகிவிட்டது. பெயர் மட்டும் கடை மேசைகளில் தங்கிவிட்டது.

இன்றைய கார்ட் தன்னளவிலேயே ஒரு குட்டிக் கணினி. படத்தைக் கணக்கிடும் ஜிபியு என்ற சிப், அதற்கென்று தனி நினைவகம், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பகுதி, விசிறி ஆகியவற்றோடு வீடியோ பயோஸ் என்ற சின்ன நிரலைச் சுமக்கும் இன்னொரு சிப்பும் அதில் உண்டு. இந்தக் கடைசிச் சாமானை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாக் கணினியிலும் தனிக் கார்ட் இருக்காது. பல புரொசெசர்களுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. இன்டெல் புரொசெசரின் மாடல் எண் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அது இல்லை என்று பொருள். தனிக் கார்ட் போட்ட கணினியில் மொனிட்டர் கேபிளை மதர்போர்ட்டின் துளையில் குத்திவிட்டு "டிஸ்ப்ளே வரேல்ல" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது நடக்கிற கதைதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

## டிரைவர் செய்யும் வேலை

சீனக்குடா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். கப்டனுக்குக் கப்பல் ஓட்டத் தெரியும், ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியில் பாறை எங்கே, ஆழம் எங்கே என்று தெரியாது. அதற்குத்தான் துறைமுகப் பைலட் படகில் போய்க் கப்பலில் ஏறுகிறார். கப்டன் "உள்ளே போக வேண்டும்" என்கிறார். எந்த வளைவில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைப் பைலட் சொல்கிறார்.

விண்டோஸ் கப்டன் மாதிரி. "இந்த ஜன்னலை இங்கே வரை, இந்த வீடியோவை ஓட்டு" என்று பொதுவாகத்தான் அதற்குக் கேட்கத் தெரியும். கார்டில் எந்தப் பகுதியை எந்த வரிசையில் இயக்கினால் அது நடக்கும் என்பது கார்டைச் செய்த நிறுவனம் எழுதிய டிரைவருக்குத்தான் தெரியும். ஒரு துறைமுகத்துப் பைலட்டை இன்னொரு துறைமுகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தப்பான டிரைவரைப் போட்டாலும் அதுதான் ஆகும். சரியான டிரைவரே இல்லாவிட்டால் விண்டோஸ் கரையோரமாக மெதுவாகப் போகும்: மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர் என்ற பொது டிரைவர் வேலையை ஏற்கும். படம் வரும், ஆனால் தெளிவு குறையும், வீடியோ திக்கும், எழுத்து பெருத்துத் தெரியும். கணினியின் பாகங்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் இந்தப் பெயர் இருந்தால் போர்மட் வேண்டாம். டிரைவர் போட்டால் போதும்.

## பவர் பட்டனில் இருந்து டெஸ்க்டொப் வரை

கணினியைத் தொடக்கும்போது நடப்பது இந்த வரிசையில்தான்:

1. மதர்போர்ட் கார்டைக் கண்டுபிடிக்கிறது. கார்டின் வீடியோ பயோஸ் எழும்பி, நிறுவனத்தின் லோகோவைத் திரையில் காட்ட உதவுகிறது. விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கிலேயே உறங்குகிறது.
2. விண்டோஸ் எழும்புகிறது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. இப்போதும் பொதுவான முறையில்தான் படம் வருகிறது.
3. கார்டின் சொந்த டிரைவர் ஏறுகிறது. பல கணினிகளில் திரை ஒரு தரம் சிமிட்டுவதைக் காணலாம்.
4. கடவுச்சொல் திரை, டெஸ்க்டொப், மென்பொருள்கள். இனி எல்லாப் படமும் டிரைவர் வழியாகத்தான்.

முதல் இரண்டு படிகளில், கார்ட் சிப் செய்யும் என்விடியா, ஏஎம்டி நிறுவனங்களின் டிரைவருக்கு எந்த வேலையும் இல்லை. லோகோ தெரியும்போதே திரையில் கோடுகள், நிறச் சதுரங்கள், தூவிவிட்ட மாதிரிப் புள்ளிகள் இருந்தால் டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. பைலட் இன்னும் கப்பலில் ஏறவே இல்லையே! அப்படியான கோளாறு கார்டிலோ கேபிளிலோ மொனிட்டரிலோதான் இருக்கும். பத்துத் தரம் போர்மட் அடித்தாலும் அது போகாது. மறுபக்கம், லோகோ சுத்தமாகத் தெரிந்து மூன்றாவது படியில் திரை கறுத்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும்.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. விண்டோஸ் 11க்கு மாறுபவர்களைக் கடிப்பதும் அதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

## காசு செலவில்லாத சோதனைகள்

1. மொனிட்டரின் சொந்த மெனு. மொனிட்டரில் உள்ள பட்டனை அழுத்தி வெளிச்சம் கூட்டும் மெனுவை வரவையுங்கள். அந்த மெனுவும் துடித்தால், அதன் மேலும் கோடு விழுந்தால், பழுது மொனிட்டரில். அந்த மெனுவை வரைவது மொனிட்டர்தான், கணினி இல்லை.

2. ஸ்கிரீன்ஷொட். திரையில் கோளாறு தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதை வட்ஸ்அப்பில் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால் கார்ட் படத்தைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறது. அது திரைக்கு வரும் வழியில் கெடுகிறது: துளை, கேபிள், மொனிட்டர். போனிலும் அதே கோடு தெரிந்தால் வரையும் இடத்திலேயே பிழை. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான சோதனை வேறில்லை, ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு.

3. டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறவுங்கள். திரை துடிக்கும்போது டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து துடித்தால் டிரைவர் பக்கம். அது மட்டும் அசையாமல் நின்று மற்றதெல்லாம் துடித்தால் ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை. மைக்ரோசொஃப்ட்டே தரும் வழி இது.

4. நான்கு விசை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நான்கையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸ் கிராபிக்ஸ் டிரைவரை நிறுத்தித் தொடக்கும். சின்னதாக ஒரு பீப், ஒரு சிமிட்டல். கறுத்த திரை இதில் திரும்பி வந்தால் கணினி சாகவில்லை, டிரைவர்தான் மயங்கிக் கிடந்திருக்கிறது.

5. சேஃப் மோட். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் மீட்பு மெனு வரும். திரையே தெரியாதவர்கள் விண்டோஸ் எழும்பும் நேரத்தில் பவர் பட்டனை நீளமாக அழுத்தி இரண்டு, மூன்று தரம் நிறுத்தினால் அடுத்த தரம் அந்த மெனு தானாக வரும். சேஃப் மோட்டில் கார்டின் சொந்த டிரைவர் ஏறாது. அங்கே எல்லாம் ஒழுங்காகவும் வழமையான விண்டோஸில் கறுப்பாகவும் இருந்தால் டிரைவர் மேல் வழக்குப் போடலாம்.

6. பென் டிரைவில் லினக்ஸ். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டலாம். விண்டோஸும் அதன் டிரைவரும் முற்றாக விலகிவிடுகின்றன. அங்கேயும் அதே கோடு, அதே உறைவு என்றால் சாமானில்தான் பழுது. டவுன்லோட் 2 ஜிபிக்கு மேல் என்பதால் டேட்டா பக்கேஜைப் பார்த்துச் செய்யுங்கள்.

இதோடு காதுக்கும் ஒரு வேலை. உள்ளே ஸ்பீக்கர் உள்ள மதர்போர்ட்டில் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு பீப் கேட்டால், பழைய அவார்ட் பயோஸில் (பயோஸ் என்பது மதர்போர்ட்டின் தொடக்க நிரல்) அதற்குப் பொருள் கார்டில் பிரச்சினை.

## "டிரைவர் நின்று மீண்டது" என்றால்

இந்தச் செய்திதான் மிகப் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கிராபிக்ஸ் டிரைவர் உறைந்தால் நீலத் திரை வந்து கணினி முழுதும் விழுந்துவிடும். விஸ்டா வந்தபோது மைக்ரோசொஃப்ட் டிரைவரின் அமைப்பை மாற்றி, டிடிஆர் என்ற காவல் முறை ஒன்றையும் சேர்த்தது. கார்டுக்குக் கொடுத்த வேலை 2 செக்கனுக்குள் முடியாவிட்டால், முடித்துத்தா என்று நெருக்கியும் கேட்காவிட்டால், விண்டோஸ் கார்டை ரீசெட் செய்து டிரைவரை மீண்டும் ஏற்றும். நீங்கள் காணும் அந்த ஒரு கண இருட்டு இதுதான். 60 செக்கனுக்குள் ஐந்து தரத்துக்கு மேல் இப்படி நடந்தால் விண்டோஸ் பொறுமை இழந்து கணினியையே நிறுத்திவிடும். ரீசெட் தோற்றாலும் அதே கதை. ஸ்டாப் கோட் 116 என்று வரும்.

அந்த மாற்றத்துக்குத் தேவை இருந்தது. விஸ்டா தொடர்பான அமெரிக்க வழக்கு ஒன்றில் 2008இல் வெளியான மைக்ரோசொஃப்ட் ஆவணங்களின்படி, 2007இன் ஒரு காலப்பகுதியில் பதிவான விஸ்டா செயலிழப்புகளில் 28.8 வீதத்துக்குக் காரணம் என்விடியா டிரைவர்கள். டிரைவருக்கு அன்று கிடைத்த கெட்ட பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் செய்தியைத் திரும்ப வாசியுங்கள். கார்ட் 2 செக்கனில் பதில் சொல்லவில்லை என்பதுதான் விண்டோஸுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று அதற்குத் தெரியாது. சூடு தாங்காமல் இருக்கலாம், பவர் சப்ளை ஒரு கணம் தொய்ந்திருக்கலாம், நினைவகச் சிப் பழுதாகியிருக்கலாம், உண்மையிலேயே டிரைவரிலும் பிழை இருக்கலாம். முன்னால் நிற்பது டிரைவர் என்பதால் செய்தியில் அதன் பெயர் விழுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

விண்டோஸ் தன்னில் நடப்பதைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணைத் தேடினால் ஒவ்வொரு தரமும் எத்தனை மணிக்கு நடந்தது என்று பட்டியல் கிடைக்கும். அந்த நேரங்களைப் பாருங்கள். கேம் தொடங்கி இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் எப்போதும் வருகிறதா? சூட்டைப் பாருங்கள். கேம் தொடங்கிய கையோடு வருகிறதா? பவர் சப்ளை. ஒன்றும் செய்யாமல் யூடியூப் பார்க்கும்போதும் வருகிறதா, அதுவும் புது டிரைவர் போட்ட நாளில் இருந்து? அப்போது டிரைவர்.

2 செக்கனை 8 ஆக, 10 ஆகக் கூட்டச் சொல்லி ரெஜிஸ்ட்ரி வித்தை ஒன்று இணையத்தில் உலாவுகிறது. பிளெண்டர் மாதிரி 3டி மென்பொருளில் ஒரே வேலையை நீளமாகக் கொடுப்பவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு அது காய்ச்சலுக்குத் தேர்மோமீற்றரை ஒளித்துவைப்பது போலத்தான்.

## உப்பு, வெக்கை, கரண்ட்

கொழும்பில் ஏசி அறையில் ஐந்து வருடம் ஓடும் கார்ட் இங்கே திருகோணமலையில் ஏன் மூன்றாம் வருடத்தில் இருமத் தொடங்குகிறது? மூன்று காரணம் சொல்லலாம்.

1. உப்பு. கார்ட் மதர்போர்ட்டில் குந்தும் விளிம்பில் பக்கத்துக்கு 82 ஆக 164 தொடுமுனைகள் இருக்கின்றன. மேலே தங்கப் பூச்சு, ஆனால் மெல்லியது. கீழே நிக்கலும் செம்பும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு அருகில் உள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் (பேரிலேயே உப்பு இருக்கிறது) காற்றோடு வரும் உப்பு தூசியில் ஒட்டும், உப்பு ஈரத்தை இழுக்கும். மாரி மழை மாதங்களில் அந்தப் படலம் ஈரமாகவே கிடக்கும். தொடுமுனை அரிக்கத் தொடங்கினால் கார்ட் ஒரேயடியாகச் சாகாது. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். 16 தரவு வழியில் ஓட வேண்டிய கார்ட் 8 அல்லது 1 வழியில் ஓடுவதாகக் காட்டினால், அந்த ஸ்லொட் உண்மையில் 16 வழி ஸ்லொட்தானா என்று பார்த்துக்கொண்டு, தொடுமுனைகளைத் துடைக்க நேரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது வேகத் தலைமுறை 1.1 என்று குறைந்து காட்டுவது சிக்கன ஏற்பாடு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பிளக்கைக் கழற்றி, கார்டை எடுத்து, ஐசோபுரொபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைப்பதுதான் நல்ல முறை. அழிறப்பரால் தேய்ப்பது கடைகளின் பழைய கைவைத்தியம். வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் தங்கம் போகும். மண்தாள் கூடவே கூடாது.

2. வெக்கை. விசிறி எவ்வளவு சுற்றினாலும் அறையின் காற்றைவிடக் கார்டைக் குளிராக்க முடியாது. அறை 25 பாகையில் இருந்து 35க்குப் போனால் கார்டின் சூடும் ஏறக்குறைய அந்தப் பத்தைச் சேர்த்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான 35 பாகை நமக்குப் புதினம் இல்லை. என்விடியா கார்டுகள் பல 83 பாகையைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாமல் போனால்தான் உறைவு. தூசி தட்டி, சிப்புக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையில் உள்ள பசையைப் புதுப்பித்தாலே பல கார்டுகள் மீளும். கார்டை அவனில் வைத்துச் சுடுவது, ஹீட் கன்னால் சூடு காட்டுவது பற்றிச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அதில் எழும்பும் கார்ட் சில நாளோ சில கிழமையோ ஓடிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும்.

3. கரண்ட். இதுதான் மிகப் பெரிய விஷயம். மதர்போர்ட் ஸ்லொட் கொடுக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வொட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குப் பவர் சப்ளையில் இருந்து தனி வயர் போகும்: ஆறு முள் பிளக் 75 வொட், எட்டு முள் பிளக் 150 வொட். மலிவுக் கேசோடு சேர்ந்து வரும் பவர் சப்ளையின் பெட்டியில் 500 வொட் என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, ஆக 216 வொட்தான் புரொசெசருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. 185 வொட் கேட்கும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்ட் ஒன்றை இதில் போட்டால், கேம் தொடங்கும் கணத்தில் திரை கறுப்பதில் ஆச்சரியம் இல்லை. விண்டோஸ் அப்போதும் டிரைவரின் பெயரைத்தான் சொல்லும்.

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். முழுச் சுமையில் ஒரு நல்ல பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாங்கும் நேரம் 16, 17 மில்லிசெக்கன்தான். பக்கத்து வீட்டுக் கிணற்று மோட்டர் தொடங்கும்போது லைட் மங்குகிறதே, அந்த மங்கலையும் சுமந்துகொண்டுதான் உங்கள் கார்ட் ஓடுகிறது.

இன்னொன்று எர்த். சுவரில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. அல்லது மூன்று முள்ளை இரண்டாக்கும் அடப்டரில் குத்தியிருப்போம். எர்த் இல்லாத கணினிப் பெட்டியில், பவர் சப்ளையின் வடிகட்டிக் கபாசிட்டர்கள் வழியாகப் பாதி வோல்ட்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவுக்கு, மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தொட்டால் சுரீர் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைக் குத்தினால், அந்த வித்தியாசம் முழுவதும் நொடியில் அந்த மெல்லிய முள்கள் வழியாக இறங்குகிறது. கார்ட் நன்றாக இருக்க எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். கேபிள் குத்துமுன் கணினி, மொனிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றுங்கள். இடி மின்னல் நாட்களில் இன்டர்நெட் வயரையும் சேர்த்துத்தான்.

## விண்டோஸ் 11 தரும் கறுப்புத் திரை

சொன்ன விதிவிலக்கு இதுதான். விண்டோஸ் 11க்குச் செக்யுர் பூட் வசதி (நம்பகமான நிரலை மட்டும் கணினியைத் தொடக்க விடும் காவல்) வேண்டும். பழைய கணினியில் அதை இயக்க வேண்டுமென்றால் பயோஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்திச் சேமித்து ரீஸ்டார்ட் கொடுத்தால் லோகோகூட வராது, ஒரே இருட்டு.

கார்ட் செத்துவிட்டதா? இல்லை. பழைய பயோஸின் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் லோகோ காட்டுவதற்கு வீடியோ பயோஸில் ஜிஓபி என்ற பகுதி இருக்க வேண்டும். 2012க்கு முந்திய கார்டுகள் பலவற்றில் அது இல்லை. சிஎஸ்எம் இருந்தவரை பழைய பாஷையில் சமாளித்தது, இப்போது பேச வழியில்லாமல் நிற்கிறது. பிளக்கைக் கழற்றி, மதர்போர்ட்டில் உள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுப் போட்டால் பயோஸ் தொடக்க நிலைக்குத் திரும்பும், பெரும்பாலும் படமும் திரும்பும். புரொசெசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால் கேபிளை மதர்போர்ட் துளைக்கு மாற்றியும் பார்க்கலாம். விண்டோஸ் 11க்கு மாறும் எண்ணம் இருந்தால் ஜிபியு-இசட்டில் பயோஸ் வெர்ஷன் வரிக்குப் பக்கத்தில் யுஇஎஃப்ஐ என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று முதலே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: அண்மைய விண்டோஸ் 11இல் நீலத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். "கறுப்புத் திரை" என்று யாராவது சொன்னால், அதில் எழுத்து இருந்ததா என்று கேளுங்கள். எழுத்து இருந்தால் அதில் கோப்புப் பெயர் ஒன்றும் இருக்கலாம். 'என்வி' என்று தொடங்கினால் என்விடியா, 'ஏடிஐ' அல்லது 'ஏஎம்டி' என்றால் ஏஎம்டி, 'ஐஜிடி' என்றால் இன்டெல்.

## டிரைவர்தான் குற்றவாளி என்றால்

1. புது டிரைவருக்குப் பிறகு கெட்டதென்றால் முதலில் ரோல் பேக். டிவைஸ் மேனேஜரில் கார்டின் புரொப்பர்ட்டீஸ், அதில் டிரைவர் என்ற பகுதி. முந்திய டிரைவர் கணினியில் இருந்தால்தான் அந்தப் பட்டன் ஒளிரும்.

2. கார்டின் உண்மையான பெயரை அறியுங்கள். பெயரே காட்டாவிட்டால் ஹார்ட்வெயார் ஐடியில் 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் எண்: 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல், '10டிஇ' என்றால் என்விடியா. (இன்டெல் தன் 1978ஆம் ஆண்டுப் புரொசெசரின் பெயரையே தனக்கு எண்ணாக்கிக்கொண்டது.)

3. டிரைவரை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்தே எடுங்கள். லப்டொப் என்றால் லப்டொப் நிறுவனத்தின் தளத்தை முதலில். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்" போடும் மென்பொருள்கள் வேண்டாம்.

4. டிடியு என்ற இலவசக் கருவியை இறக்கி வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டுச் சேஃப் மோட்டுக்குப் போய்ப் பழைய டிரைவரை வேரோடு எடுங்கள். இன்டர்நெட் இருந்தால் நீங்கள் எடுத்து முடிக்குமுன் விண்டோஸ் தன் கையிருப்பில் உள்ள இன்னொரு டிரைவரை உள்ளே விட்டுவிடும். ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் உள்ள கணினியில் மீட்பு எண் கேட்கலாம். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இந்தப் படிக்குப் போக வேண்டாம்.

5. வழமையான விண்டோஸுக்குத் திரும்பி, இறக்கி வைத்த டிரைவரைப் போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்து, அப்புறம் இன்டர்நெட்டைக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 43 நின்றால், சாதனமே தனக்குப் பிழை இருப்பதாகச் சொல்லிவிட்டது என்று பொருள். சுத்தமான டிரைவருக்குப் பிறகும் வரும் 43 பெரும்பாலும் கார்டின் மரண அறிவித்தல். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை, அவ்வளவுதான்.

டிரைவர் அப்பாவி என்று முழுதாகவும் விட்டுவிட முடியாது. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 டிரைவர் சில கார்டுகளின் விசிறியைச் சரியாக ஓட்டாததால் சூடேறும் முறைப்பாடுகள் வந்து, நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. எல்லாம் ஒழுங்காக ஓடும் கணினியில் புது டிரைவர் வந்த அன்றே போட அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

## பழைய கார்ட், போலிக் கார்ட்

ஒரு கட்டத்தில் நிறுவனங்களே பழைய கார்டுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திவிடும். என்விடியாவின் ஜிடி 730 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சிப் விற்கப்பட்டது. ஒன்று ஃபெர்மி தலைமுறை. அதற்குக் கடைசி டிரைவர் 2018இல் வந்த 391.35. மற்றது கெப்ளர், அது 470 வரிசை வரை போகும். பெட்டியில் உள்ள பெயரை நம்பித் தப்பான வரிசையை இறக்கினால், ஒத்துப்போகும் கார்ட் இல்லை என்று இன்ஸ்டோலர் கையை விரிக்கும். ஜிபியு-இசட்டில் சிப்பின் பெயர் ஜிஎஃப் 108 என்றால் ஃபெர்மி, ஜிகே 208 என்றால் கெப்ளர். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கும் 580 வரிசைதான் கடைசி.

புதுசு வாங்கக் காசு இல்லாதவர் பாவித்த கார்டுக்குப் போவார். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு கார்டால் அதைத் தோண்டும் தொழில் படுத்து, இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் வீடியோ பயோஸை மாற்றியிருப்பார்கள், ஏஎம்டி டிரைவர் அவற்றை ஏற்காது. கார்ட் நல்லது, டிரைவர்தான் ஏறுதில்லை என்று விற்பவர் சொன்னால் இதை நினையுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கும் சில கார்டுகளில் 2304 கணிப்பு அலகுகளுக்குப் பதில் 2048தான் இருக்கும். அது வேறு மாடல்.

கொழும்பில் இருந்து கூரியரில் எடுப்பதென்றால் காசு அனுப்புமுன் வீடியோ ஒன்று கேளுங்கள். பவர் பட்டனில் தொடங்கி, லோகோ, டெஸ்க்டொப், ஜிபியு-இசட் வரை ஒரே தொடராக இருக்க வேண்டும். பில்லில் வாரண்டி வரிகளையும் வாசியுங்கள்; துரு, எரிந்த தடம் இரண்டுக்கும் வாரண்டி இல்லை என்று பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும், கடல் பக்கம் குடியிருப்பவருக்கு அது பெரிய எழுத்து.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் வந்த போலிகளும் உண்டு. 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளுக்குப் பொய்ப் பெயர் எழுதிய கார்டுகள் அவை. விண்டோஸும் அந்தப் பொய்யை அப்படியே நம்பிக் காட்டும். 2018இல் இருந்து ஜிபியு-இசட் இவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று போடுகிறது. மென்பொருள் இல்லாமலும் ஒரு அடையாளம் பார்க்கலாம். கார்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். உண்மையான 1050 டிஐயின் பாஸ்கல் தலைமுறைச் சிப்புகளில் விஜிஏ துளைக்கு வேண்டிய அனலொக் வெளியீடே கிடையாது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லித் தரும் விஜிஏ கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.